மூன்று வருஷக் கெடு

நசீம் பானுவுக்குத் தையல் மிஷின் இருந்தது, நல்ல கை இருந்தது, புருஷன் மட்டும் இருந்தும் இல்லாமல் இருந்தான். பொம்மிடி ரயிலடியிலிருந்து மேற்கே நடந்தால் வருகிற சின்ன ஊரில் பள்ளிவாசல் தெருவில் அவள் வீடு. சுற்றுவட்டாரத்துப் பெண்கள் ஜாக்கெட் தைக்க அவளிடம்தான் வருவார்கள். காரிமங்கலம் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவர்கள்கூடத் தாய்வீட்டுக்கு வரும்போது துணியைக் கையோடு கொண்டுவருவார்கள். அளவு எடுக்கும்போது அவள் வாய் சும்மா இருக்காது. "சோத்தைக் குறைச்சுத் தின்னு, இல்லாட்டி அடுத்த தடவ கால் கெஜம் கூட எடுத்துட்டு வா" என்று முகத்துக்கு நேரே சொல்லுவாள். அந்த வாய்தான் அவளைக் கெடுத்தது என்று ஊர் இன்றைக்கும் சொல்கிறது. ஊருக்கு என்ன, யார் தலையிலாவது பழியைக் கட்டிவிட்டால் நிம்மதியாகத் தூங்கப் போய்விடும்.

அவளைக் கட்டிய நூர் பாஷா லாரி டிரைவர். கிருஷ்ணகிரியில் வண்டி எடுத்தால் ஹூப்ளி வரைக்கும் போவான். அறுபதாம் வருஷம் நிக்காஹ் நடந்தபோது, ராஜா மாதிரி மாப்பிள்ளை என்று தெருவே வாயைப் பிளந்தது. ராஜா தனிக்குடித்தனம் வைக்கவில்லை. பெண்டாட்டியை அவள் அப்பன் வீட்டிலேயே விட்டுவிட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருதரம், மூன்று மாதத்துக்கு ஒருதரம் வந்து கறிச்சோறு தின்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாததற்கும் அவள் வாய்தான் காரணம் என்று சொன்ன கிழவிகள் அந்தத் தெருவில் உண்டு.

அவள் அப்பா அப்துல் சுபான் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர். துருத்தியைத் தோளில் மாட்டிக்கொண்டு சந்தை சந்தையாகப் போவார். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனிதர். ஆறு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அறுபத்தாறில் பக்ரீத்துக்கு மறுநாள் மருமகனிடம் வாயைத் திறந்தார்.

"மாப்பிள்ளை, இப்படியே எத்தனை காலத்துக்கு விட்டுட்டுப் போவீங்க? ஒண்ணு கூட்டிட்டுப் போங்க. இல்லைன்னா ஒரு வழி சொல்லுங்க."

கேட்டதில் தவறில்லை, கேட்ட நேரம்தான் தவறு. குர்பானிக் கறியைப் பங்கு போடுவது பற்றிப் பேச ஜமாஅத்தின் நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லி வந்து உட்கார்ந்திருந்தார். பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத்தும் இருந்தார். பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த நூர் பாஷாவின் தங்கை பரிதா, பாத்திரத்தோடு நின்றிருந்தாள். நாலு பேர் முன்னால் ஈயம் பூசுகிறவன் தன்னைக் கேள்வி கேட்பதா என்று நூர் பாஷாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பெண்டாட்டிக்குச் சோறு போடுவதில் வராத ரோஷம்.

"என்கிட்டயா வழி கேக்கறீங்க? கேட்டுக்குங்க எல்லாரும். இன்னியிலிருந்து மூணு வருஷம். மூணு வருஷத்துக்குள்ள நான் வந்து இந்த வூட்டு வாசல்ல நிக்கலைன்னா இவளுக்கு மூணு தலாக்கும் விழுந்துடும். போதுமா மாமா?"

"அல்லாவுக்குப் பயந்து பேசுங்க" என்று ஹஜ்ரத் பதறி எழுந்தார். அதற்குள் வார்த்தை வெளியே வந்துவிட்டது. அப்படிக் கெடு வைத்துச் சொன்ன தலாக்கைத் திரும்ப வாங்க முடியாது. கெடு முடிகிற நிமிஷத்தில் அது தானாக விழும். விழுந்தபிறகு அவனே வந்து காலைப் பிடித்தாலும் சேர்ந்து வாழ முடியாது. கெடுவுக்குள் வந்து நின்றுவிட்டாலோ அவள் அவன் பெண்டாட்டிதான், எப்போதும்போல. இதை ஹஜ்ரத் எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார். நூர் பாஷா பாதி கேட்டான். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். ஏப்ரல் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

நசீம் பானு கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் மிஷினை மிதிக்கும்போது, அவன் வராமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருப்பதைத் தானே கண்டுபிடித்தாள். அதில் அவளுக்கு வெட்கம் ஒன்றும் வரவில்லை.

அவன் வரவில்லை. கடிதம் இல்லை, ஆள் இல்லை. அவள் எண்ணத் தொடங்கினாள். பள்ளிவாசல் தெருப் பெண்களுக்கு எண்ணுவதற்கு ஒரே வழிதான் தெரியும். மேலே பிறை தெரிகிறது, மாதம் பிறக்கிறது. பன்னிரண்டு பிறை போனால் ஒரு வருஷம். நோன்பு அப்படித்தான் வருகிறது, ஏழைகளுக்கு ஜக்காத் அப்படித்தான் கொடுக்கிறார்கள், பிள்ளைக்கு வயது அப்படித்தான் சொல்கிறார்கள், புருஷன் செத்தவள் வீட்டோடு இத்தா இருந்து நாள் கழிப்பதும் அப்படித்தான். பிறை வருஷம் இங்கிலீஷ் வருஷத்தைவிடப் பத்துப் பதினொரு நாள் குட்டை. அதனால்தான் ரம்ஜான் ஒரு காலத்தில் வெயிலில் வரும், இன்னொரு காலத்தில் அடைமழையில் வரும். இது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை. நசீம் பானுவும் யோசிக்கவில்லை. ஒரு பக்ரீத் போனது, இரண்டு போனது. அறுபத்தொன்பதில் மூன்றாவது பக்ரீத் பிப்ரவரி கடைசியிலேயே வந்தது. அதற்கு மறுநாளோடு மூன்று வருஷம் முடிந்தது.

பொம்மிடி ரயிலடி ஓரம் சைக்கிள் கடை வைத்திருந்த நசீருதீனைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். கல்யாணம் ஆகாதவன், கண் தெரியாத அம்மாவை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். நசீம் பானுவின் மிஷினில் சக்கரம் இறுகிப்போனால் அவன்தான் வந்து எண்ணெய் விட்டுச் சரிசெய்வான். அப்துல் சுபான் எதிரில் இருக்கும்போதுதான் வருவான், வேலை முடிந்ததும் போய்விடுவான். இரண்டாவது பக்ரீத் கழிந்த பிறகு மிஷின் சக்கரம் கொஞ்சம் அடிக்கடி இறுக ஆரம்பித்தது. அவளே நூலைத் திணித்து இறுக்கினாள் என்று பிற்பாடு ஒப்புக்கொண்டிருக்கிறாள். ஒருநாள் அவன் அப்துல் சுபானிடம், "கெடு முடியட்டும் பாய். அவங்களுக்கு இஷ்டம்னா நான் இருக்கேன்" என்றான். உள்ளே மிஷின் சத்தம் நின்றது. அவளுக்கு இஷ்டம்தான். அந்த மூன்று வருஷத்தில் அவள் தனக்கென்று ஆசைப்பட்டது அந்த ஒன்றைத்தான்.

கெடு முடிந்த அன்று அப்துல் சுபான் ஹஜ்ரத்திடம் போய்ச் சொன்னார். ஹஜ்ரத் விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு, "ஆமா, பிறைக்கு மூணு வருஷம் ஆயிடுச்சு. தலாக் விழுந்துடுச்சு. இத்தா இருக்கச் சொல்லுங்க" என்றார். தலாக் ஆனவள் மூன்று மாதவிலக்கு முடியும்வரை வெளியே போகாமல் வீட்டோடு இருக்க வேண்டும். அதன்பின் அவள் யாரை வேண்டுமானாலும் கட்டலாம். மழைக்காலத்துக்கு முன்னால் நிக்காஹ் என்று பேசி வைத்தார்கள்.

நசீம் பானு கழுத்திலிருந்த கருகமணியைக் கழற்றி வைத்தாள். பிறகு பாத்திஹா ஓதி, சர்க்கரையும் நெய்யும் போட்டு ஒரு தவலை இனிப்புச் சோறு ஆக்கினாள். வேண்டுதல் பலித்தால் தெருவுக்குச் சோறு கொடுப்பது வழக்கம். தெருவுக்குக் கொடுத்ததோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. காய்கறிக் கூடைக்காரி காசியம்மாளைக் கூப்பிட்டு, ஒரு தூக்கு நிறையப் போட்டு, பக்கத்துத் தெருவில் நாத்தனார் பரிதா வீட்டுக்கும் அனுப்பினாள். நாத்தனார் ஆறு வருஷம் அவளை மலடி என்று சொல்லிக்கொண்டிருந்தவள்.

"என்ன விசேஷம்னு கேட்டா என்ன சொல்லட்டும்?" என்றாள் காசியம்மாள்.

"அவ அண்ணன் என்னை விட்டுத் தொலைஞ்ச விசேஷம்னு சொல்லு."

காசியம்மாளும் ஒரு எழுத்து விடாமல் அப்படியே போய்ச் சொன்னாள். பரிதா சோற்றைக் கோழிக்குப் போட்டாள். தூக்கைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள். பிறகு புருஷனை அனுப்பி, கிருஷ்ணகிரி லாரி ஷெட்டில் சேதி சொல்லிவிட்டாள். உன் பெண்டாட்டி சோறு ஆக்கித் தெருவுக்கே போட்டுக் கொண்டாடுகிறாள், சைக்கிள் கடைக்காரனைக் கட்டப் போகிறாள், இங்கிலீஷ் கணக்குக்கு இன்னும் கெடு முடியவில்லை. அந்தக் கடைசி வரியை பரிதாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. நசீம் பானு இன்னும் ஒரு மாதம் வாயையும் அடுப்பையும் மூடிக்கொண்டிருந்தால் நூர் பாஷாவுக்கு நாளும் தெரிந்திருக்காது, கிழமையும் தெரிந்திருக்காது. அவளுக்குச் சந்தோஷத்தை அடக்கத் தெரியவில்லை. மூன்று வருஷம் அடக்கியவளுக்கு ஒரு மாதம் அடக்க முடியவில்லை. இதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது.

நூர் பாஷா சேதி கிடைத்ததும் ஓடிவரவில்லை. மார்ச் மாதம் முழுக்க அவனுக்கு நேரம் இருந்தது. கடைசி நாள் போனால்தான் நன்றாக இருக்கும் என்று தோன்றியிருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் தேதி மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருக்கும்போது பஸ்ஸிலிருந்து இறங்கினான். சலவைச் சட்டை, தலைக்கு எண்ணெய். அப்துல் சுபான் வீட்டு வாசலில் வந்து நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல், "சலாம் மாமா, வந்துட்டேன்" என்றான்.

உள்ளே நசீம் பானு நசீருதீனின் அம்மாவுக்கு ஒரு குப்பாயம் தைத்துக்கொண்டிருந்தாள். குரல் கேட்டதும் ஊசி விரலில் இறங்கியது. அதை அவள் பிறகுதான் பார்த்தாள்.

அன்று அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் ஜமாஅத் கூடியது. ஆண்கள் பாயில் உட்கார்ந்தார்கள். நசீம் பானு மதிலுக்கு வெளிப்புறம், வேப்பமரத்தடியில், தலையில் முக்காட்டோடு நின்றாள். அவள் கதையைப் பேசுகிற இடத்தில் அவளுக்குப் பாய் கிடையாது. நசீருதீன் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஹஜ்ரத் முதலில் பேசினார். "ஷரீஅத்துல வருஷம்னா பிறை வருஷம்தான். அதிலயும் பக்ரீத்துக்கு மறுநாள் சொன்ன வார்த்தை. என் அறிவுக்குத் தலாக் விழுந்து ஒரு மாசத்துக்கு மேல ஆவுது."

நூர் பாஷா சிரித்தான். "ஹஜ்ரத், நான் லாரிக்காரன். எனக்குப் பிறை எங்க தெரியும்? ஸ்டியரிங்கப் பாக்கவே நேரம் போதலை. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பர்மிட் தேதிதான். நான் வருஷம்னு சொன்னது இங்கிலீஷ் வருஷத்த நெனைச்சு."

முற்றத்தில் சலசலப்பு எழுந்தது. ஹஜ்ரத் நேர்மையானவர், அதுதான் அன்றைக்கு வினையாகப் போயிற்று. கெடு வைத்துத் தலாக் சொன்னவன் என்ன நினைத்துச் சொன்னான் என்று கேட்க வேண்டும் என்பது அவர் படித்த படிப்பு. படித்ததை மறைக்க அவருக்கு மனசு வரவில்லை. "அப்படின்னா குர்ஆன்மேல கை வச்சு சத்தியம் பண்ணுங்க. பொய்யின்னா நரகத்துல நிப்பீங்க, ஞாபகம் வச்சுக்குங்க" என்றார்.

நூர் பாஷா எழுந்து போய்க் கை கழுவி, வாய் கொப்பளித்து, கால் கழுவி, ஒரு குறையும் வைக்காமல் ஒளூ செய்துவிட்டு வந்தான். கை வைத்தான். சத்தியம் செய்தான். குரல் நடுங்கக்கூட இல்லை. ஒரு பெண்ணின் ஆயுசு, மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருவன் மண்டைக்குள் எந்தக் காலண்டர் தொங்கியது என்பதில் வந்து நின்றது. அதை அவனைத் தவிர வேறு யார் பார்த்தது? நோன்பு வைத்தால் பிறை, ஜக்காத் கொடுத்தால் பிறை, செத்தால் பிறை. அவளைக் கட்டிப் போடுவதற்கு மட்டும் இங்கிலீஷ் காலண்டர்.

அப்போதுதான் அப்துல் சுபான் எழுந்தார். ஜமாஅத் கூட்டத்தில் அதுவரை அவர் பேசியதே இல்லை. மத்தியானத்திலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"இங்கிலீஷ் வருஷம்னே வச்சுக்குங்க. ஒரு வருஷத்துக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு நாள். மூணு வருஷத்துக்கு எண்ணிப் பாருங்க, நேத்தோட முடிஞ்சுபோச்சு. இவர் வந்தது இன்னிக்கு. ஒரு நாள் தாண்டித்தான் வந்திருக்கார்."

ஒருவர் விரல் விட்டு எண்ணினார். நூர் பாஷாவின் முகத்தில் முதல்முறையாக எண்ணெய் வழிந்தது. மதிலுக்கு வெளியே நசீம் பானு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்பா இவ்வளவு பேசுவார் என்று அவள் நினைத்ததே இல்லை.

முத்தவல்லி தொண்டையைச் செருமினார். புளி மண்டி வைத்திருந்தவர். எஸ்.எஸ்.எல்.சி. வரை போய் நின்றுவிட்டவர், போனதை எந்தக் கூட்டத்திலும் மறக்கவிடாதவர். நூர் பாஷா அவருக்கு உறவும் இல்லை, வேண்டியவனும் இல்லை. நசீம் பானுமேல் அவருக்குக் கோபமும் இல்லை. தனக்கு ஒன்று தெரியும், அதைச் சொல்ல இடம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

"சுபான் பாய், ஈயம் பூசறது வேற, இது வேற. பூமி சூரியனை ஒரு சுத்துச் சுத்தி வர முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளோட கால் நாள் கூட ஆவுது. அந்தக் கால் நாளை எங்க கொண்டுபோய் வைக்கறது? நாலு காலையும் சேர்த்து ஒரு நாளாக்கி, நாலு வருஷத்துக்கு ஒருதரம் பிப்ரவரியில போடறாங்க. போன வருஷம் லீப் வருஷம். பிப்ரவரிக்கு இருபத்தொம்பது நாள். அந்த ஒரு நாளை நீங்க வுட்டுட்டீங்க. அதைச் சேர்த்தா இன்னிக்குத்தான் கடைசி நாள். அவர் கரெக்டா வந்திருக்கார்."

"லீப் வருஷம்" என்று யாரோ திருப்பிச் சொன்னார்கள். யாரோ சிரித்தார்கள். பிறகு நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒரு பெண் ஒரு நாளில் தப்பியிருப்பாள், அந்த நாளும் பிப்ரவரியில் ஒளிந்திருந்தது என்பது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கிறது. சூரியனைச் சுற்றுகிற பூமிக்குக் கால் நாள் மிச்சமாகிறது என்றால் அதற்கு நசீம் பானு என்ன செய்வாள்? உலகத்தில் இத்தனை கோடிப் பேர் இருக்க அந்தக் கால்களையெல்லாம் சேர்த்துக் கட்டி அவள் தலையிலா வைக்க வேண்டும்? சிரித்தவர்கள் ஒவ்வொருவர் வீட்டுப் பெண்ணுக்கும் அவள் ஜாக்கெட் தைத்துக் கொடுத்திருக்கிறாள். மதிலுக்கு வெளியே நின்றாலும் எந்தச் சிரிப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது.

ஹஜ்ரத் தரையைப் பார்த்துக்கொண்டே, தலாக் விழவில்லை என்றார். நசீருதீன் எழுந்து யார் முகத்தையும் பார்க்காமல் போனான்.

நூர் பாஷா அன்று மாமனார் வீட்டில் சாப்பிட்டான். வேறு வழியில்லை, மாப்பிள்ளை. நசீம் பானு பரிமாறினாள். கழுத்தில் கருகமணி மறுபடி ஏறியிருந்தது. முத்தவல்லி வீட்டு அம்மாளே வந்து போட்டுவிட்டுப் போயிருந்தாள். மறுநாள் காலையில் அவன் பையைத் தூக்கினான். அவனுக்கு அவள் வேண்டாம். வேறு ஒருத்தனுக்கு அவள் கிடைக்கக் கூடாது, அதற்காக ஒரு பஸ் டிக்கெட் செலவு செய்திருந்தான்.

"மறுபடி எப்ப வருவீங்க?" என்று கேட்டாள். அவள் கேட்டது கெடுவை. அவனுக்கும் அது தெரியும்.

"அதெல்லாம் இனிமே சொல்றதில்ல" என்றான் செருப்பை மாட்டிக்கொண்டே. "போன தடவ சொல்லப்போய்த்தானே இத்தனை வம்பு."

அவன் போய்விட்டான். இந்தத் தடவை எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லை. பிறை வந்தது, போனது. நோன்பு வந்தது, போனது. எதை நோக்கி எண்ணுவது? அவள் எண்ணுவதை விட்டாள்.

விலகிக்கொள்ளச் சம்மதம் கேட்டு ஹஜ்ரத் மூலமாக இரண்டு தடவை ஹூப்ளிக்கு ஆள் அனுப்பினார்கள். 'கொடுக்க மாட்டேன்' என்று இரண்டு தடவையும் பதில் வந்தது. தருமபுரியில் ஒரு வக்கீல், கோர்ட்டுக்குப் போனால் சட்டத்தில் வழி இருக்கிறது, சோறு போடாத புருஷனிடமிருந்து பிரித்துவிடுவார்கள் என்றார். அப்துல் சுபான் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. சாயங்காலம் மகளைக் கூப்பிட்டார்.

"ஜமாஅத் சொன்னதை மீறி நீ கோர்ட் படி ஏறினா நாளைக்கு என் மய்யித்தை எவன் தூக்குவான்மா?"

அவளுக்காகப் பேச ஒருதரம் எழுந்து நின்ற மனிதர்தான் இதைச் சொன்னார். ஒருதரம் நிற்கத்தான் அவருக்குத் தெம்பு இருந்தது. நசீம் பானு அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. "சரிப்பா" என்றாள். எழுபத்திரண்டில் அவர் மவுத்தானபோது மய்யித்தை ஊரே தூக்கியது. முத்தவல்லி முன்னால் தோள் கொடுத்தார். ஒரு குறையும் இல்லை.

அதன்பிறகாவது கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். போகத்தான் நினைத்தாள். அப்பா உயிரோடு இருக்கும்போது கொடுத்த வார்த்தையை அவர் மண்ணுக்குள் போனதும் மீறுவதா என்று ஒரு வருஷம் தயங்கினாள். அதற்குள் சைக்கிள் கடைக்காரனோடு சேர்த்துப் பேச்சு கிளம்பியது. இப்போது போனால் அதற்காகத்தான் போகிறாள் என்பார்கள், அவன் பெயரும் கெடும் என்று இன்னொரு வருஷம் தயங்கினாள். நசீருதீன் மட்டும் ஒருதரம் மிஷினைச் சரிசெய்ய வந்தபோது, "நான் இருக்கேங்க. அம்மா கல்யாணம் பண்ணிக்கோன்னு கேட்டாலும் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்" என்றான். இருந்தான். ஏழு வருஷம் இருந்தான் என்றே சொல்ல வேண்டும். எழுபத்தைந்தில் அவன் அம்மா படுத்த படுக்கையானாள். கண் மூடுவதற்குள் ஒரு மருமகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஓயாமல் அழுதாள். ரஜப் மாதத்தில் அவனுக்கு நிக்காஹ் நடந்தது. பென்னாகரத்துப் பெண், பெயர் சுல்தானா. கல்யாண ஜாக்கெட் தைப்பதற்கு அந்தப் பக்கத்தில் வேறு கை கிடையாது. துணி நசீம் பானுவிடம் வந்தது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கழுத்து வெட்டும் கை வேலையும் எந்தக் கல்யாணத்துக்கும் தைக்காத அளவுக்கு அழகாகத் தைத்துக் கொடுத்தாள். இன்னொருத்தன் பெண்டாட்டி நான், எனக்கென்ன உரிமை என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லித் தைத்தாள்.

எழுபத்தாறு மார்ச்சில் பரிதா மகள் கல்யாணம். பரிதா மகளை அழைத்துக்கொண்டு துணியோடு வந்தாள். நாத்தனாருக்கும் அவளுக்கும் பேச்சு குறைவு என்றாலும் தையல் வேறு, சண்டை வேறு. நசீம் பானு டேப்பைப் பெண்ணின் தோளில் வைத்து அளந்துகொண்டிருந்தாள். பரிதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கல்யாணச் செலவு, மாப்பிள்ளை வீட்டார் கெடுபிடி என்று புலம்பிக்கொண்டே வந்தவள் பெருமூச்சு விட்டாள்.

"எங்கண்ணன் மட்டும் உசுரோட இருந்திருந்தா இந்தக் கல்யாணத்தை எப்படி நடத்தியிருக்கும்!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. நசீம் பானு டேப்பை எடுக்கவில்லை.

"உங்கண்ணனுக்கு என்ன?"

மகள்தான் பதில் சொன்னாள். சின்னப் பெண், அவளுக்கு மறைக்கத் தெரியவில்லை. "மாமா மவுத்தாயி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே மாமி. போன வருஷம் ஜனவரியில, தாவணகெரே கிட்ட லாரி கவுந்து. ஹூப்ளியில இருக்கற அந்த மாமி ஆள் அனுப்பிச்சாங்களே."

ஹூப்ளியில் ஒரு மாமி இருந்தது நசீம் பானுவுக்கு அப்போதுதான் தெரியும். ஆனால் அது அவளைத் தொடவில்லை. "ஏன் பரிதா சொல்லலை?" என்று மட்டும் கேட்டாள்.

பரிதாவுக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு ஆத்திரம் வந்தது. "எதுக்குச் சொல்லணும் பாபி? சொன்னா என்ன பண்ணியிருப்பே? அழுதிருப்பியா? மறுபடி ஒரு தவலை சோறு ஆக்கி எனக்கும் ஒரு தூக்கு அனுப்பியிருப்பே. எங்கண்ணன் செத்ததுக்கு நான் இனிப்பு தின்னணுமா?"

நசீம் பானு அளவை முடித்தாள். தோள், கை, சுற்று, எல்லாம் எடுத்தாள். அவர்கள் போனபின் முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு நேராகப் பள்ளிவாசலுக்கு நடந்தாள். ஹஜ்ரத்துக்கு வயதாகிவிட்டிருந்தது, முற்றத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் வெளியே நின்ற மதிலைத் தாண்டி, இன்று உள்ளே வந்து நின்றாள். அவர் தடுக்கவில்லை. சேதியைச் சொன்னாள்.

"இன்னா லில்லாஹி" என்று முணுமுணுத்தார். "அப்படின்னா நீ இத்தா இருக்க வேண்டியதில்லம்மா. புருஷன் மவுத்தான நாள்லேருந்து நாலு மாசம் பத்து நாள், அதுதான் கணக்கு. சேதி வந்த நாள்லேருந்து இல்ல. அது எப்பவோ தீர்ந்துபோச்சு. நீ யாரையும் கட்டிக்கலாம், தடையில்ல."

"எப்ப தீர்ந்துச்சு?"

"எதுக்கும்மா இப்ப அது?"

"சொல்லுங்க ஹஜ்ரத். பிறையில எண்ணியே சொல்லுங்க. உங்களுக்குத்தான் அது தெரியுமே."

அவர் விரல் கணுக்களில் கட்டைவிரலை நகர்த்தி நகர்த்தி எண்ணினார். ஜனவரித் தேதியைப் பிறைக்கு மாற்ற அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முஹர்ரம் வந்தது, சபர் வந்தது, இரண்டு ரபீஉ மாதங்களும் போயின. ஜமாதுல் அவ்வலில் பத்து நாள் ஓடுவதற்குள் விரல் நின்றது.

"அதுக்கப்புறம் ரஜப் வர எவ்வளவு நாள்?"

"ரெண்டு மாசத்துக்குக் கொஞ்சம் குறைவு." சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. ரஜப்பில் நசீருதீனுக்கு நிக்காஹ் ஓதி வைத்தவர் அவர்தான். கை மடியில் விழுந்தது.

"அப்போ அந்தக் கல்யாணத்துக்கு நான் ஜாக்கெட் தச்சப்போ, நான் யாரு பொண்டாட்டியும் இல்ல."

ஹஜ்ரத் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நேர்மையான மனிதர், பொய் சொல்ல அவருக்கு வராது.

"இல்லம்மா" என்றார்.